2.00369: நெட்வொர்க் சிமுலேட்டரோடு என் முதல் வருடம்

மூன்றாம் ஆண்டு நெட்வொர்க்ஸ் லேப் தேர்வில் எனக்கு விழுந்த கேள்வி, என்எஸ்-2 சிமுலேட்டரில் (நிஜக் கருவிகள் இல்லாமல் நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) நெரிசல் கட்டுப்பாடு. உள்ளுக்குள் சந்தோஷம். அதற்கு டிசிஎல் என்ற மொழியில் எழுதும் புரோகிராம் எனக்கு மனப்பாடம். மொத்தம் நான்கு நோடுகள், அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள். முதல் இரண்டும் நடுவில் இருக்கும் நோடுக்கு 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 லட்சம் பிட்) வேகத்தில் இணைகின்றன. நடு நோடிலிருந்து கடைசி நோடுக்குப் போகும் இணைப்பு 1.7 எம்பிபிஎஸ்தான், அதன் வாசலில் 10 பாக்கெட் (தரவுத் துண்டு) மட்டும் நிற்கக்கூடிய வரிசை. ஒரு நோடு, நெரிசலைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசிபி முறையில் அனுப்புகிறது, இன்னொன்று அப்படி எதையும் பார்க்காத யுடிபியில் விடாமல் 1 எம்பிபிஎஸ் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிழையில்லாமல் அடித்து ஓட்டினேன். அனிமேஷன் ஜன்னலில் நீலமும் சிவப்புமாகப் பாக்கெட்டுகள் ஓடின, நடு நோடில் வரிசை வளர்ந்தது, அதிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்கள் திரையின் அடிக்கு உதிர்ந்தன.

வைவாவுக்கு வந்திருந்த எக்ஸ்டர்னல் சார் அந்தச் சதுரங்களைக் காட்டிக் கேட்டார்.

"இது ஏம்ப்பா கீழ விழுது?"

"பாக்கெட் டிராப் சார்."

"தெரியுது. ஏன் டிராப் ஆகுது?"

நான் பேசவில்லை. அவர் கோபப்படவில்லை. திரையில் 1.7 என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதை 3 ஆக்கினா விழுமா, விழாதா? ஓட்டிப் பாக்காம சொல்லு" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

"ஓட்டிப் பாக்காம சொல்லு" என்ற அந்த வார்த்தை மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. சிமுலேட்டர் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற எல்லோரிடமும் இப்போது நான் முதலில் சொல்வது அதைத்தான். அது எனக்குப் புரிய ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தில் என்னென்ன நடந்தது என்பதை, இப்போது ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வீட்டு லேப்டாப்பில் என்எஸ்-2 போட்டுப் பார்க்கலாம் என்று உபுண்டுவில் இறங்கினேன். இணையத்தில் கிடைத்தது 2.35 பதிப்பு, 2011 நவம்பரில் வந்தது. என் கம்பைலரோ புதுசு. பாதி கம்பைல் ஆகி, திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டி நின்றுவிட்டது. மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் புதிதாக இறக்கி, புதிதாக விரித்து, அதே இடத்தில் அதே பிழை. பிழைச் செய்தியின் முதல் வரியைப் படிக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கடைசி வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் எப்போதும் "பிழையால் நிறுத்தப்பட்டது" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. சரி, இது நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற இன்னொரு சிமுலேட்டருக்குப் போனேன். அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நிறுவுவதில் ஒரு சிரமமும் இல்லை.

அன்று ராத்திரியே இரண்டு கணினி, அவற்றை ஒரே நெட்வொர்க்கில் இணைக்க ஒரு ஸ்விட்ச் இழுத்துப் போட்டு இணைத்தேன். ஸ்விட்ச் பக்கம் ஆரஞ்சு விளக்கு. தப்பாகச் செருகிவிட்டேன் என்று கேபிளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ஆரஞ்சு. மூன்றாவது தடவை அலுத்துப்போய்த் தண்ணீர் குடிக்க எழுந்து போய் வந்தேன், பச்சையாகியிருந்தது. ஸ்விட்ச் ஒரு புது இணைப்பைப் பார்த்ததும் உடனே பாக்கெட் அனுப்பாது. சுற்றுப்பாதை ஏதாவது உருவாகிவிடுமா என்று ஸ்பானிங் ட்ரீ முறையில் 15 விநாடி கவனிக்கும், இன்னும் 15 விநாடி முகவரிகளைக் கற்கும், அப்புறம்தான் வழிவிடும். நான் கேபிளைப் பிடுங்கிச் செருகும்போதெல்லாம் அந்த 30 விநாடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. காத்திருக்கப் பொறுமையில்லாவிட்டால் காலத்தை முன்னே தள்ளும் பொத்தான் ஒன்று கீழேயே இருக்கிறது.

அடுத்த நாள், இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்கும் ஒரு ரவுட்டரைச் சேர்த்தேன். ஒரு பக்கம் 192.168.1, மறுபக்கம் 192.168.2. இணைப்பின் நிலையைக் காட்டும் முக்கோணங்கள் இரண்டும் சிவப்பு. ரவுட்டரின் போர்ட்டுகள் பிறக்கும்போதே மூடித்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் போய் "நோ ஷட்டவுன்" கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கணினிகளில் கேட்வே முகவரி (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரி) போட மறந்திருந்தேன், அதையும் போட்டேன். மறுபக்கக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை அடித்தேன். முதல் பாக்கெட் போகவில்லை, நேரம் முடிந்தது என்று வந்தது. அடுத்த மூன்றும் போயின. நான்கில் ஒன்று தொலைந்தது, இழப்பு 25 சதவீதம்.

இந்த 25 சதவீதம் என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது. மறுபடி பிங் அடித்தால் நான்கும் போகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்து அடித்தால் மறுபடி முதல் பாக்கெட் தொலைகிறது. நான் எதையோ தப்பாகக் கட்டுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் எம்.இ. படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "தம்பி, அந்த மொத பாக்கெட் கிளம்பினதுலேர்ந்து என்னென்ன நடக்கணும்னு நீ நினைக்கிறியோ, அதை வரிசையா எழுது. அப்புறம் பாப்போம்" என்றார். நான் எழுதினேன்: கணினியிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்ச்சிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து மறுபக்க ஸ்விட்ச், அங்கிருந்து கணினி. "ரவுட்டருக்கு அந்தக் கணினியோட மேக் முகவரி எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். (மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டுக்கு உரிய வன்பொருள் முகவரி.)

பாக்கெட் டிரேசரில் சிமுலேஷன் என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் காலம் தானாக நகராது, நாம் ஒவ்வொரு அடியாக நகர்த்தலாம். பாக்கெட்டுகள் சின்னக் கடித உறைகளாகத் தெரியும். ஓர் உறையைச் சொடுக்கினால் உள்ளே எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று விரித்துக் காட்டும். அன்று அதில் ஓட்டிப் பார்த்தோம். என் பிங் உறை ரவுட்டர் வரை வந்தது. ரவுட்டர் அதை அங்கேயே கைவிட்டது. பிறகு வேறு நிறத்தில் ஓர் ஏஆர்பி உறை கிளம்பி, "இந்த ஐபி யாருடையது?" என்று மறுபக்கம் எல்லோரிடமும் கேட்டது. பதில் திரும்பி வந்தது. இரண்டாவது பிங் வருவதற்குள் ரவுட்டருக்கு விலாசம் தெரிந்துவிட்டது, அதனால் அது நேராகப் போய்ச் சேர்ந்தது. நான் கட்டியதில் தப்பே இல்லை. முதல் பாக்கெட் தொலைவதுதான் சரியான நடத்தை. தாளில் எழுதியதில் ஒரு படி விட்டுப்போயிருந்தது, அந்தப் படிதான் அந்த 25 சதவீதம்.

பாக்கெட் டிரேசரில் என் நேரத்தைத் தின்ற இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ரவுட்டரின் கட்டளைத் திரையில் ஒரு சொல்லைத் தப்பாக அடித்தால், அது ஏதோ கணினியின் பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) தேடப் போய்விடும். நாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் வேலையாக "நோ ஐபி டொமைன்-லுக்கப்" கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ரவுட்டரில் சீரியல் கார்டு செருக வேண்டுமென்றால் அதன் பவரை அணைக்க வேண்டும். அணைத்தால் அதுவரை செய்த அமைப்பெல்லாம் போய்விடும், அணைத்தாலும் அழியாத ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கில் சேமித்திருந்தால் தவிர. உண்மையான ரவுட்டரும் இப்படித்தான். ஆகவே கார்டுகளை முதலில் செருகிவிட்டு அப்புறம் அமைக்க உட்காருங்கள்.

இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு என்எஸ்-3 தேவைப்பட்டது. பெயரைப் பார்த்து என்எஸ்-2இன் அடுத்த பதிப்பு என்று நினைக்க வேண்டாம். 2008இல் முதல் வெளியீடு வந்த தனி மென்பொருள், பெரும்பாலும் சி++ மொழியில் எழுத வேண்டும், பழைய டிசிஎல் புரோகிராம் எதுவும் இதில் ஓடாது. தேடும்போது இரண்டும் கலந்துதான் கிடைக்கும், கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, பழைய பாடங்களில் "வாஃப்" என்று கட்டளை கொடுக்கச் சொல்லியிருக்கும்; 2022இல் வந்த 3.36 பதிப்பிலிருந்து சிமேக் என்ற கம்பைல் முறைக்கு மாறிவிட்டார்கள், கட்டளையும் "என்எஸ்3" என்று ஆகிவிட்டது. அந்த ஒரு காரணத்தாலேயே பாதிப் பேர் முதல் நாளே கைவிடுகிறார்கள். நீங்கள் இறக்கிய பதிப்பு எதுவோ, அதே பதிப்பின் அதிகாரபூர்வப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பில் முழுவதும் கம்பைல் ஆக ரொம்ப நேரம் பிடிக்கும். தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. நம்முடைய சொந்தப் புரோகிராம்களை "ஸ்க்ராட்ச்" என்ற கோப்புறையில் போட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பாடத்தின் முதல் உதாரணத்தில் இருப்பது இரண்டு நோடுகள், நடுவில் ஒரு கம்பி, அவ்வளவுதான். வேகம் 5 எம்பிபிஎஸ், தாமதம் 2 மில்லிவிநாடி. ஒரு நோடு 1024 பைட் யுடிபி பாக்கெட் ஒன்றை அனுப்பும், மறுநோடு அதை அப்படியே திருப்பி அனுப்பும். நான்கு வரி அவுட்புட். அதை ஓட்டிவிட்டு அடுத்த உதாரணத்துக்குத் தாவியிருப்பேன். அக்கா பக்கத்தில் இருந்ததால் முதலில் தாளை எடுத்தேன்.

1024 பைட் என்றால் 8192 பிட். 5 எம்பிபிஎஸ்ஸில் அதைக் கம்பியில் ஏற்ற 1.6384 மில்லிவிநாடி. கம்பியைக் கடக்க 2. கூட்டினால் 3.6384. இரண்டாவது விநாடியில் அனுப்புகிறது, ஆக 2.00364இல் போய்ச் சேர வேண்டும். எழுதி வைத்துவிட்டு ஓட்டினேன். திரையில் வந்தது 2.00369.

கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம். அக்கா, "அந்த அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

கடைசி இலக்கத்தில் ஐந்து வித்தியாசம். 0.00005 விநாடி. அந்த நேரத்தில் 5 எம்பிபிஎஸ் கம்பியில் 250 பிட் போகும், அதாவது சுமார் 31 பைட். திரையில் ஐந்து தசமத்தோடு நிறுத்திவிடுவதால் சரியாக 31 என்று கொள்ள முடியாது, 30ஐ ஒட்டி ஏதோ கூடுதலாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் தகவல்தான் தலைப்பு. யுடிபி தலைப்பு 8 பைட். ஐபி தலைப்பு 20. இன்னும் ஏதோ கொஞ்சம். புரோகிராமில் பாக்கெட்டுகளைக் கோப்பில் பதியச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்து, அந்தக் கோப்பை, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தோம். கம்பியில் போனது 1054 பைட் என்று காட்டியது. மிச்சமிருந்த 2 பைட், பிபிபி (இரு முனை நேரடி இணைப்புக்கான நெறிமுறை) தலைப்பு. 1054 பைட்டுக்குக் கணக்குப் போட்டால் 3.6864 மில்லிவிநாடி, முழுமையாக்கினால் 2.00369. திரும்பி வருவது எப்போது என்று திரையைப் பார்க்காமல் கணக்குப் போட்டேன்: 2.00737. நான்காவது வரியில் அதே எண் இருந்தது.

அடுக்குகள், தலைப்புகள் என்று மூன்று செமஸ்டர் படித்திருக்கிறேன். ஒரு தலைப்புக்கு எடை உண்டு, அது நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அந்த ஐந்தைத் துரத்தியபோதுதான் எனக்கு உடம்பில் ஏறியது. இரண்டு நோடு உதாரணத்தை யாராவது சின்னது என்று தள்ளினால் எனக்கு மனசு கேட்காது. அந்த அளவுக்குச் சின்னதாக இருப்பதால்தான் அதன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கணக்குக் கேட்க முடிகிறது. 50 நோடு போட்டு ஆரம்பித்தால் திரையில் வருவதை நம்புவதைத் தவிர வேறு வழியே இருக்காது.

புராஜெக்டில் அந்த நம்பிக்கை எங்களை ஒரு தடவை கவிழ்த்துவிட்டது. கம்பியில்லா நோடுகள், ஏஓடிவி என்ற வழிதேடும் முறை, அதில் நாங்கள் செய்த ஒரு சின்ன மாற்றம். மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று இரண்டு எண்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எண்கள் கடைசி இலக்கம் வரை மாறாமல் வந்தன. எங்கள் முடிவு அவ்வளவு உறுதியானது என்று அறிக்கையில் எழுதவே ஆரம்பித்துவிட்டோம். என்எஸ்-3 ஒவ்வொரு முறையும் ஒரே விதை எண்ணிலிருந்துதான் (தொடக்க எண்) தற்செயல் எண்களை எடுக்கும், நாம் மாற்றச் சொன்னால் தவிர. அதாவது ஒரே சீட்டுக்கட்டை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தோம். விதையை அப்படியே வைத்துவிட்டு, எத்தனையாவது ஓட்டம் என்ற ஓட்ட எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றி ஓட்டியதும் உண்மை வெளியே வந்தது. சில ஓட்டங்களில் எங்கள் முறை முந்தியது, சிலவற்றில் பழைய முறையே முந்தியது. அறிக்கையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பல ஓட்டங்களின் சராசரியையும் அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் போட்டோம். முன்னேற்றம் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் அது நிஜமான எண், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

இன்னொரு ராத்திரி, பாக்கெட்டுகளின் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மானிட்டரைச் சேர்த்துவிட்டு எத்தனையாவது விநாடியில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது தனக்குத் தானே அடுத்த சோதனைக்கு நேரம் குறித்துக்கொண்டே போகும், ஆகவே வேலை தீரவே தீராது. காலையில் எழுந்து பார்த்தால் மின்விசிறி அலறிக்கொண்டிருந்தது. சிமுலேட்டருக்குள் ஓடும் நேரம் வேறு, சுவர்க் கடிகார நேரம் வேறு. உள்ளே அது ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவும். நடுவில் ஒன்றும் நடக்காவிட்டால் பத்து விநாடியை ஒரு கண்சிமிட்டலில் தாண்டிவிடும், நிகழ்வுகள் நெருக்கியடித்தால் ஒரு விநாடிக்கு ஒரு மணி நேரம் எடுக்கும்.

எதில் ஆரம்பிப்பது என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்பார்கள். ரவுட்டர், ஸ்விட்ச் அமைக்கும் வேலைக்கோ சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வுக்கோ போகிறவர்கள் பாக்கெட் டிரேசரில் ஆரம்பித்தால் போதும். ஜிஎன்எஸ்3 அடுத்த கட்டம். அதில் ஓடுவது சாதனங்களின் நிஜ மென்பொருள், அதை முறைப்படி நாம்தான் பெற்றுக்கொள்ள வேண்டும், கணினியில் நினைவகமும் நிறைய வேண்டும். ஒரு நெறிமுறையை மாற்றிப் பார்க்க வேண்டும், அளந்து எழுத வேண்டும் என்பவர்களுக்கு என்எஸ்-3. மினிநெட் லினக்ஸ் கர்னலையே பயன்படுத்தி ஒரே கணினிக்குள் பல கணினிகளை உண்டாக்கும், நிஜப் புரோகிராம்களையே அதில் ஓட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நிறுவ வேண்டாம். நானும் ஒரு கட்டத்தில் நான்கையும் வைத்திருந்தேன், அந்த மாதம் ஒன்றிலும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

கல்லூரி முடிந்து போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பழைய என்எஸ்-2 கோப்புறை கண்ணில் பட்டது. மறுபடி கம்பைல் செய்து, இந்தத் தடவை பிழைச் செய்தியின் முதல் வரியைப் படித்தேன். லிங்க்ஸ்டேட் கோப்புறையில் எல்எஸ் என்ற தலைப்புக் கோப்பு, 137ஆம் வரி. அங்கே "இரேஸ்" என்ற சொல்லுக்கு முன்னால் "திஸ்" சுட்டியைச் சேர்த்தேன். புது கம்பைலர் கேட்டது அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் மூன்று நாள் நான் சுற்றிச் சுற்றி வந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

லேப் தேர்வின் புரோகிராமை அடித்தேன், இப்போதும் மனப்பாடம்தான். ஓட்டவில்லை. தாளை எடுத்தேன். யுடிபி விடாமல் 1 எம்பிபிஎஸ் அனுப்புகிறது, ஆக 1.7இல் டிசிபிக்கு மிஞ்சுவது 0.7. டிசிபிக்கு அது தெரியாது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகும், 10 இடம் உள்ள வரிசை நிரம்பும், வழியும். அதனால்தான் விழுகிறது. 3 ஆக்கினால்? டிசிபி எவ்வளவு முயன்றாலும் நடு நோடுக்கு வரும் அதன் பாதை 2 எம்பிபிஎஸ்தான். யுடிபியின் 1ஐக் கூட்டினால் 3. வருவதெல்லாம் போய்விடும், வரிசை நிரம்பக் காரணமில்லை. "விழாது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பிறகு 1.7ஐ 3 ஆக்கி ஓட்டினேன். அனிமேஷன் ஜன்னலைத் திறக்கவில்லை. டிரேஸ் கோப்பில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம் இருக்கும்: வரிசையில் சேர்ந்தால் கூட்டல் குறி, வரிசையை விட்டுக் கிளம்பினால் கழித்தல் குறி, போய்ச் சேர்ந்தால் ஆர், விழுந்தால் டி. டி-யில் தொடங்கும் வரிகளை மட்டும் எண்ணச் சொன்னேன்.

0 என்று வந்தது.